சாவி முதலா, பணம் முதலா?

வாசகி எழுதியது: "வணக்கம் சார். மதுரை ஆனையூர் பக்கம் ஒத்தி வீட்டில் இருக்கிறோம். என் கணவர் கப்பலூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார், நான் வீட்டிலேயே தைக்கிறேன். 2022 ஆகஸ்டில் என் நகையை விற்று, சீட்டை எடுத்து 5 லட்சம் கொடுத்து இந்த வீட்டுக்கு வந்தோம். 3 லட்சம் பேங்க் வழியாக, 2 லட்சம் ரொக்கம். 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதினோம். 2023 ஜூலையில் அதன் பின்பக்கமே இன்னும் 11 மாதம் நீட்டி ஓனர் கையெழுத்துப் போட்டார். அது முடிந்து போன பிறகு பணத்தைக் கேட்டால் 'ஆள் வந்ததும் தர்றேன்கா' என்கிறார். இப்போது 'நீங்க காலி பண்ணி சாவியக் கொடுங்க, சட்டப்படி ஒரு மாசத்துல அட்வான்ஸ் வரும், பெயின்டிங்குக்கு 25,000 பிடிச்சுக்குவேன்' என்கிறார். பத்திரத்தில் 'லீஸ்' என்று இருக்கிறது. எல்லோரும் ஒத்தி என்கிறோம். பெரியப்பா போக்கியம் என்கிறார். ஓனர் அட்வான்ஸ் என்கிறார். எதுதான் சரி? சாவியைக் கொடுக்கலாமா? போன மாதம் பேங்கிலிருந்து ரெண்டு பேர் வந்து வீட்டை போட்டோ எடுத்துப் போனார்கள், அது எதற்கென்று தெரியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கு வருமுன் இரண்டு வேலை. ஒன்று, அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று, அதாவது அதன்மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் சான்று, போட்டுப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். சர்வே எண்ணும் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் தெரிந்தால் போதும், பக்கத்து பிரவுசிங் சென்டரிலேயே எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கடைசி வரிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு, நீங்கள் அனுப்பிய பத்திரத்தின் படம். நாலாக மடித்தே வைத்திருந்திருக்கிறீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து, 'மேற்படி தொகையை' என்பதற்கு அடுத்த சொல் பாதிதான் தெரிகிறது. இன்றைக்கே அதைப் பிரித்து, முன்னும் பின்னும் தெளிவாக நகல் எடுத்து, அசலை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் அசல் தாளின் மேல்தான் குறியீடு எழுதுவார்கள். அதோடு, அந்தப் பின்பக்கம் உங்களுக்கு இன்னொரு முறை தேவைப்படும்.

இனி கேள்விக்கு. லீஸ், ஒத்தி, போக்கியம், அட்வான்ஸ் என்று நாலு பேர் நாலு சொல் சொல்கிறார்கள். ஊர்ப்பேச்சில் எல்லாம் ஒன்றுதான். சட்டத்தில் ஒன்றில்லை. எந்தச் சொல் பொருந்துகிறதோ அதைப் பொறுத்துத்தான் சாவி முதலில் கைமாறுமா, பணம் முதலில் கைமாறுமா என்பது தீர்மானமாகிறது. உங்கள் வீட்டு ஓனர் எதற்காகத் திடீரென்று 'அட்வான்ஸ்' என்ற சொல்லுக்கு மாறினார் என்பது இதில்தான் இருக்கிறது.

மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டு வீட்டை அனுபவிக்க விடுவது குத்தகை. லீஸ் என்றாலும் அதுதான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் அதற்கு 105-ஆம் பிரிவு. அந்தக் குத்தகைக்குப் பிணையாக முன்கூட்டி வாங்கி வைப்பது அட்வான்ஸ். வாடகையே இல்லாமல், கொடுத்த பெருந்தொகைக்கு வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது ஒத்தி. போக்கியம் என்றாலும் அதேதான், உங்கள் பெரியப்பா சொல்வதில் தவறில்லை. சட்டத்தின் கண்ணில் இது வாடகையே அல்ல, அடமானம். அதே சட்டத்தின் 58-ஆம் பிரிவில் அனுபவத்தோடு கூடிய அடமானம் என்று வருகிறது. நகையை அடகு வைப்பது போல, உங்கள் ஓனர் வீட்டை உங்களிடம் அடகு வைத்து 5 லட்சம் கடன் வாங்கியிருக்கிறார். நீங்கள் வெறும் குடியிருப்பவர் இல்லை, கடன் கொடுத்தவர். இத்தனை வருஷம் அவர் முன்னால் நின்று கெஞ்சிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பத்திரத்தின் தலைப்பு 'லீஸ் அக்ரிமென்ட்' என்றுதான் இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் தலைப்பை வைத்து முடிவு செய்யாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கும். குத்தகையா வெறும் அனுமதியா என்ற வழக்கொன்றில் 1959-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் பத்திரத்தில் ஆறாவது வரியைப் பாருங்கள்: 'மேற்படி தொகைக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை.' மதுரையில் ஒத்திப் பத்திரம் எழுதுகிறவர்கள் காலம்காலமாக எழுதும் வரி. அதற்கடுத்து, மடிப்பில் பாதி போன இடத்தில், தொகையைத் திருப்பித் தரும்வரை வீட்டை அனுபவித்து வர வேண்டியது என்று வருகிறது. இந்த இரண்டு வரியும் சேர்ந்தால் அது ஒத்தி. மேலே லீஸ் என்று டைப் அடித்திருப்பதால் அது லீஸ் ஆகிவிடாது.

ஒத்தியில் வரிசை இதுதான்: ஓனர் பணத்தைக் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் நீங்கள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். வாடகையில் வரிசை தலைகீழ். குடியிருப்பவர் காலி செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். ஓனர் சொல்லும் 'சட்டப்படி ஒரு மாசம்' வருவது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டத்திலிருந்து. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது, 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது.

அந்தச் சட்டத்தைத்தான் பேசுவது என்றால் அதை முழுசாகப் பேசுவோம். அதே சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. உங்கள் வீட்டு அளவுக்கு மாதம் 7,000 வாடகை என்று வைத்துக்கொண்டால் 21,000. அவர் வாங்கியது 5 லட்சம். அதே சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி அவர். உங்களுடையது பதியப்படவில்லை. பெயின்டிங் விஷயத்துக்கு வந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. குடியிருப்பவர் பொறுப்பில் வருபவை சின்னச் சின்னவை. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், உடைந்த ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு. இயல்பான தேய்மானத்துக்கு யாரும் உங்களிடம் பணம் பிடிக்க முடியாது. சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை, இதெல்லாம் ஒரு குடும்பம் வாழ்ந்த தேய்மானம்தான். உங்கள் பத்திரத்தில் பெயின்டிங் பற்றி ஒரு வரியும் இல்லை. 25,000 ரூபாயை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இவ்வளவு சொன்ன நான் உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பதிவு செய்த பத்திரத்தால்தான் செல்லும். உங்களுடையது 20 ரூபாய் தாளில் எழுதிய பதியாத பத்திரம். அதனால் 'நான் ஒத்திதாரர், பணம் வரும்வரை நகர மாட்டேன்' என்ற உரிமை கோர்ட்டில் உறுதியாக நிற்காது. பத்திரத்தைச் சாட்சியமாகக் காட்டவே கட்டாமல் விட்ட மீதி முத்திரைத் தீர்வையையும் அபராதத்தையும் கட்டச் சொல்லலாம், அபராதம் பத்து மடங்கு வரைக்கும் போகும். ஊரில் பாதிப்பேர் ஒத்தியை லீஸ் என்று எழுதி, 11 மாதம் என்று போட்டு, பதியாமல் விடுவது இந்தத் தீர்வையை மிச்சம் பிடிக்கத்தான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால் வந்தது அந்த 11 மாதக் கணக்கு. அதற்கு மேல் எழுதினால் குடியிருப்பவருக்கே வீடு போய்விடும் என்பது வெறும் பயம்.

ஆனால் உங்கள் பணம் அதனால் மூழ்கிவிடாது. அடமானம் செல்லாவிட்டாலும் கடன் கடன்தான். 3 லட்சத்துக்கு வங்கிக் கணக்குச் சாட்சி இருக்கிறது. மீதி 2 லட்சத்துக்குப் பத்திரத்தில் 'ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். ரொக்கமாகக் கொடுத்தோமே, வெளியே சொன்னால் நமக்கு ஆபத்தா என்று பலர் பயப்படுவார்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் வாங்குவதைத்தான் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்குத்தான். திருப்பித் தரும்போதும் அதே விதி. ஆகவே பணம் வரும்போது டிமாண்ட் டிராஃப்ட்டாகவோ கணக்கிலோதான் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பலம் அந்தப் பின்பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அதை வெறும் நீட்டிப்பு என்று நினைத்திருப்பீர்கள். 2023 ஜூலையில் அவர் எழுதியிருப்பது: 'மேலும் 11 மாதம் நீட்டிக்கப்பட்டது. தொகை 5 லட்சம் என்னிடம் உள்ளது.' கீழே கையெழுத்து, தேதி. எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போடுவதற்கான கெடு அங்கிருந்து புதிதாக ஓடும். சாதாரணக் கடனுக்கு மூன்று ஆண்டு. நீட்டிய காலம் 2024 ஜூனில் முடிந்ததால், பாதுகாப்பான கணக்குப்படி 2027 ஜூனுக்குள் நீங்கள் வழக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் விட்டுவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். நோட்டீஸ் விட்டால் காலவரையறை நீளாது. இதைத் தெரியாமல் நல்ல வழக்கைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 'ஆள் வந்ததும் தர்றேன்கா' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் காட்ட அதற்கொரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

'ஆள் வந்ததும்' என்பதையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் 5 லட்சம் அவர் பீரோவில் இல்லை. அது அன்றைக்கே ஒரு கடனுக்கோ கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ போயிருக்கும். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி என்று பார்த்தாலும் 5 லட்சத்துக்கு மாதம் 7,500. அந்த வட்டியைக் கட்டாமல் வாங்கிய கடன் இது. திருப்பித் தர அவருக்கு இருக்கும் ஒரே வழி அடுத்த ஒத்திக்காரர். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் மாற மாட்டார்கள். ஆடி போகட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போவது இதனால்தான். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கையில் பணமில்லாதவர், அவ்வளவுதான். அதனால்தான் சாவி அவர் கைக்குப் போகக் கூடாது என்கிறேன். சாவி போய்விட்டால் அடுத்த ஒத்திக்காரர் கொண்டுவரும் பணத்துக்கு உங்களைவிட அவசரமான கடன்காரர் யாராவது வாசலில் நிற்பார். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் ஆனது. வெள்ளிக்கிழமை சாவி கொடுத்தார்கள், 'நாலு நாளில்' என்றார் ஓனர். திங்கட்கிழமை வேறு குடும்பம் பால் காய்ச்சியது. வழக்கில் ஜெயித்தோம். தீர்ப்பு வந்த பிறகும் நிறைவேற்று மனு போட்டுப் பணம் கைக்கு வர இரண்டு ஆண்டு ஆனது. அந்த அம்மா மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

ஆகவே சாவியும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுக்கும்படி இருக்கட்டும். அடுத்து வரும் ஒத்திக்காரரை வீடு பார்க்க விடுங்கள், தடுக்காதீர்கள். அவர் கொடுக்கும் தொகையில் 5 லட்சம் நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும், பேங்கிலேயே உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம். அதுவரை வீட்டில் இருங்கள். பத்திரம் பதியாதது என்றாலும் நீங்கள் பூட்டை உடைத்து நுழைந்தவர் இல்லை, அவர் சம்மதத்தோடு வந்தவர். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சாமானைத் தூக்கி வெளியே வைக்கவோ, பூட்டை மாற்றவோ, மோட்டார் சுவிட்சைப் பூட்டித் தண்ணீரை நிறுத்தவோ அவருக்கு உரிமை கிடையாது. அப்படி நடந்தால் ஆறு மாதத்துக்குள், குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில், வீட்டைத் திரும்பப் பெற வழக்குப் போடலாம். காவல் நிலையத்தில் வைத்து 'ரெண்டு நாள்ல காலி பண்ணு' என்று யாராவது சொன்னாலும் பயப்பட வேண்டாம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அங்கே இல்லை. அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம், பதிந்த ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகவும் காட்டலாம். அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இப்போது அந்தப் பேங்க் ஆட்கள்.

கடன் வாங்கியவர் தவணை கட்டாதபோது வங்கி, 2002-ஆம் ஆண்டு வந்த சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் அனுப்பும். பிறகு வீட்டைத் தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ் ஒன்றை வாசலில் ஒட்டும். அதற்கு முன்னாலேயே ஆட்களை அனுப்பி வீட்டைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் வழக்கம். புதுக் கடனுக்காகக்கூட எடுத்திருக்கலாம், அதனால் இப்போதே பதற வேண்டாம். வில்லங்கச் சான்றில் உரிமைப் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்ததாகப் பதிவு இருக்கிறதா, அதன் தேதி என்ன என்று பாருங்கள். தேதி 2022 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருந்தால் நிலைமை கஷ்டம். வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டை உரிமையாளர் குத்தகைக்கு விடுவதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவில் நிபந்தனைகள் உண்டு. நியாயமான வாடகை வர வேண்டும், முன்பணமாகப் பெருந்தொகை வாங்கக் கூடாது, கட்டடம் என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. வாடகையே இல்லாமல் 5 லட்சம் வாங்கிய ஏற்பாடு அதற்குள் அடங்காது. வங்கிக்கு எதிரே அப்போது உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும். தேதி பிந்தியதாக இருந்தால் பேச இடம் உண்டு. எப்படியானாலும் வாசலில் நோட்டீஸ் ஒட்டினால் கிழித்துப் போடாமல், தேதி தெரிய படம் எடுங்கள். 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடக் குடியிருப்பவருக்கும் வழி இருக்கிறது. மதுரையிலேயே அந்தத் தீர்ப்பாயம் இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டாம்.

வில்லங்கச் சான்றில் அப்படி ஒன்று இருந்தால் நான் மேலே சொன்ன 'இருங்கள்' என்பதற்கு ஒரு எல்லை உண்டு. வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும்வரை காத்திருப்பதில் லாபமில்லை. உடனே பண வழக்குப் போட்டு, ஓனருக்கு வேறு சொத்து இருந்தால் அதைத் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்யக் கேட்க வேண்டும்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், உங்களுக்கு 15,000 வரும். ஆனால் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச சட்ட உதவி தருகிறது. நோட்டீசுக்கும் வழக்குக்கும் வழக்கறிஞரை அவர்களே அமர்த்துவார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. ஆதாரும், பத்திர நகலும், பேங்க் பாஸ்புக்கின் அந்தப் பக்கமும் கொண்டுபோங்கள். வழக்குக்கு முந்தைய மனு ஒன்று எழுதிக் கொடுங்கள், ஓனரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே ஒத்துக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தில் எழுதினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் இல்லை. தவணையாகத் தருகிறேன் என்று அவர் சொன்னால் அங்கேயே எழுதி வாங்குங்கள், வாய் வார்த்தையாக ஏற்காதீர்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் மனுவும் இருக்க வேண்டும். உங்கள் பத்திரத்தில் உங்கள் பெயரே இருக்கிறது, நல்லதாகப் போயிற்று.

வட்டி கேட்கலாமா என்று தனியாக எழுதியிருந்தீர்கள். வீட்டில் இருக்கும்வரை முடியாது, வட்டிக்குப் பதில்தான் வீடு. நீங்கள் வெளியேறியும் பணம் நிற்கிறது என்றால், எழுத்தில் கேட்ட தேதியிலிருந்து வட்டி கேட்கலாம்.

பணம் வரும் நாளில் அந்த அசல் பத்திரத்தின் பின்பக்கம், நீட்டிப்புக்குக் கீழே, இப்படி எழுதுங்கள்: 'மேற்படி 5,00,000 ரூபாயை இன்ன தேதியில், இன்ன வங்கிக் கணக்கில் முழுவதுமாகப் பெற்றுக்கொண்டேன். வீட்டின் சாவிகளையும் சுவாதீனத்தையும் இன்று ஒப்படைத்தேன். மின் கட்டணம் இன்ன தேதி வரை கட்டப்பட்டது. இருவருக்கும் வேறு பாக்கி இல்லை.' இரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பணம் ஏறியதை உங்கள் போனில் பார்த்த பிறகு எழுதுங்கள். செக் என்றால் அது பாஸ் ஆகும்வரை எழுத வேண்டாம்.

வில்லங்கச் சான்று கையில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். எந்தத் தேதியில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, நோட்டீஸில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.